சட்டம் திறந்த கதவு



2004இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த தாராளமயத் திட்டத்தின்படி, இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஓராண்டில் 25,000 டாலர் வெளிநாட்டுக்கு அனுப்பலாம். 2015 முதல் அந்த உச்சவரம்பு 2,50,000 டாலர். துபாயிலும் லண்டனிலும் வீடு வாங்கச் செல்வந்தர்களுக்கு இதுவே சட்டபூர்வ வழி. குடும்பத்தினர் தத்தம் வரம்புகளை ஒன்றுசேர்க்கவும் விதி இடமளிக்கிறது.

2013 ஆகஸ்டில் ரூபாய் சரிந்தபோது வரம்பு 75,000 டாலராகக் குறைக்கப்பட்டது. அயல்நாட்டில் சொத்து வாங்குவதும் தடை செய்யப்பட்டது. மறு ஆண்டே அத்தடை நீங்கியது.

வளைகுடா வெயிலில் உழைப்பவர் டாலரை உள்ளே அனுப்புகிறார். செல்வந்தர் அதை வெளியே கொண்டுசெல்கிறார். கதவை மூடவும் அரசால் முடியும் என்பதை 2013 காட்டிவிட்டது. இனி அது யாருக்காகத் திறந்திருக்க வேண்டும் என்பதை உழைக்கும் மக்களே தீர்மானிக்கட்டும்!