‘பொது’ என்னும் சொல்லும் பொது வலையமைப்பும்



மொழியியலாருக்குக் கணினிப் பாதுகாப்பில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. நாம் ஆறாண்டுகள் தொகுத்த வட்டாரச் சொற்பட்டியல், கூலாயில் ஒரு கடைவரிசையின் மேல்மாடியிலிருந்த அச்சுக்கோப்பு நிலையத்தில் இருந்தது. அதே மாடியில் கணக்கர் ஒருவர், காப்புறுதி முகவர் ஒருவர், துணைப்பாட வகுப்பு ஒன்று. அனைவருக்கும் ஒரே ரவுட்டர். கடவுச்சொல் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. ஒருநாள் கணக்கர் மின்னஞ்சலில் வந்த இணைப்புக் கோப்பொன்றைத் திறந்தார். நண்பகலுக்குள் அச்சுக்கோப்பு நிலையத்தின் பகிர்வுக் கோப்புறையும் பூட்டப்பட்டு, திறக்கப் பணம் கேட்கும் அறிவிப்பு வந்து நின்றது. மற்றொரு படியை வீட்டில் வைத்திராதது நம் பிழையே.

நிலையத்தார் கவனமற்றவர் அல்லர். ஒரு வலையமைப்பை ‘பப்ளிக்’ எனக் கொள்வதா, ‘பிரைவேட்’ எனக் கொள்வதா என்று தேர்ந்தெடுக்க விண்டோஸில் ஓர் அமைப்பு உண்டு. ‘பிரைவேட்’ என்றால் நம் கோப்புகள் அந்தரங்கமாக இருக்கும் என அவர்கள் கருதினர். உண்மை நேர்மாறானது. அப்பெயரடை தழுவுவது கணினியை அன்று, வலையமைப்பை. ‘இவ்வலையில் இருப்போர் யாவரும் எம்மவர்’ என்று சொன்னால், கணினி அவர்களுக்குத் தன்னைக் காட்டிக்கொள்கிறது. ‘இது பொது இடம்’ என்று சொன்னால் மறைந்துகொள்கிறது. ‘பொது’ என மொழிபெயர்த்தாலும் குழப்பம் தீராது. ‘அயலார் வலை’, ‘நம்மவர் வலை’ என்றிருந்தால் எவரும் தவறியிரார் என்பது நம் கருத்து.

எனவே பலர் பகிரும் மாடியில் ‘பப்ளிக்’ என்பதே தக்கது. தம் கணினிகளுக்கிடையே கோப்புகளைப் பகிர வேண்டியோர், பொது இணைப்பின் பின்னே தமக்கெனத் தனி ரவுட்டர் ஒன்றை வைத்து, தம் கருவிகளை மட்டும் அதில் இணைக்கலாம், விலை மிகுதியன்று. பகிர்வுக் கோப்புறைக்குக் கடவுச்சொல்லும், ரவுட்டருடன் வந்த நிருவாகக் கடவுச்சொல்லுக்கு மாற்றும் வேண்டும்.

‘கடவுச்சொல்’ நல்ல ஆக்கமே. எனினும் ‘சொல்’ என்பதால் மக்கள் ஒரே சொல்லோடு நின்றுவிடுகின்றனர். பிள்ளையின் பெயரும் ‘123’உம் சேர்ந்தது எளிதில் ஊகிக்கத்தக்கது. தம்முள் பொருளியைபு இல்லாத நான்கைந்து சொற்களின் தொடர் நீளமானது, நினைவிலும் நிற்கும்.

இவை மட்டும் போதா. 2017 மே 12 அன்று பரவிய ‘வான்னாக்ரை’ என்னும் தீநிரல் எவரும் எதையும் திறக்கக் காத்திருக்கவில்லை. விண்டோஸின் கோப்புப் பகிர்வு நெறிமுறையிலிருந்த ஓட்டை வழியே கணினிக்குக் கணினி தானே தாவி, ஏறத்தாழ 150 நாடுகளை எட்டியது. பிரித்தானியாவில் மருத்துவமனைகளும் நிலைகுலைந்தன. அவ்வோட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. ‘பிறகு நினைவூட்டு’ என்று தள்ளிவைத்தோரும், ஆதரவு நின்றுபோன பழைய விண்டோஸை வைத்திருந்தோரும் அகப்பட்டனர்.

படியெடுத்த வன்தட்டைக் கணினியிலேயே செருகி வைத்திருப்பதும் பயனற்றது. அதுவும் சேர்ந்தே பூட்டப்படும். இழந்த பட்டியலை இப்போது மீண்டும் தொகுத்து வருகிறோம். வெள்ளிதோறும் படியெடுத்ததும் வன்தட்டைக் கழற்றி வீட்டு அலமாரியில் வைக்கிறோம்.