சலூன்கார மாமாவும் திருப்பி அனுப்பப்பட்ட என் அப்பாவும்

(மதுரை ஆரப்பாளையத்தில் நடந்த படத்திறப்பு நிகழ்வில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்று செவ்வாய்க்கிழமை. சலூன்களுக்கு லீவு நாள். மாமாவோடு தொழில் செய்தவர்கள் எல்லோரும் வரவேண்டும் என்றுதான் இந்த நாளைக் குறித்தோம். வந்திருக்கிறீர்கள், நன்றி. மேடையில் அவர் பெயரையும் ஊர் பெயரையும் சொல்ல வேண்டாம் என்று அத்தை கேட்டுக்கொண்டார். ஊரில் இன்னும் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள், அதனால் சொல்லவில்லை. நம் எல்லோருக்கும் அவர் மாமா. என்னை அவர் கூப்பிட்டது 'மாப்ள'. இந்தத் தெருவில் பாதிப் பேர் அவருக்கு மாப்ளதான்.

எனக்கு முதல் மொட்டை தவிர மற்ற எல்லாத் தலைமுடியும் அவர் வெட்டியதுதான். நாற்காலிக் கைப்பிடி இரண்டிலும் குறுக்கே ஒரு பலகை போட்டு உட்கார வைப்பார். மிஷின் கழுத்தில் படும்போது நான் நெளிவேன். தலையை அழுத்திப் பிடிக்கமாட்டார், நெளிந்து முடியும்வரை நிறுத்திக்கொள்வார். எய்ட்ஸ் பயம் வந்த தொண்ணூறுகளில் தோல்வாரில் தீட்டும் கத்தியை எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, ஆளுக்கொரு பாதி பிளேடு என்று மாறினார். கட்டிங் பத்து ரூபாய் இருந்தபோது பிளேடு காசு கட்டுப்படியாகாது என்று மற்றவர்கள் தயங்கினார்கள். அவர் மாறினார்.

கடையில் சாமி படம் ஒன்று, அதன் பக்கத்தில் ஒரு மனிதர் படம். எந்த நடிகர் என்று சின்ன வயதில் கேட்டேன். "நடிகருதான், ஆனா நீ நெனைக்கிற நடிகரு இல்ல" என்றார். தியாகி விசுவநாததாஸ். சிவகாசியில் பிறந்தவர், திருமங்கலத்தில் வாழ்ந்தவர், மருத்துவர் சமூகத்தவர். வெள்ளைக்காரனுக்கு எதிராக மேடையில் பாடிப் பலமுறை சிறைக்குப் போனவர். சாதியைச் சொல்லி அவரோடு நடிக்க மறுத்தவர்களும் அதே மேடைகளில் இருந்தார்கள். 1940 டிசம்பர் 31 இரவு, சென்னையில் முருகன் வேடத்தில் மயிலாசனத்தில் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் போயிற்று. இந்தக் கதையை மாமா கத்தரியை நிறுத்தாமல் சொல்வார். நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை.

எனக்கு ஒன்று மட்டும் புரியாமல் இருந்தது. மாதம் ஒருமுறை என்னைக் கடைக்கு அழைத்துப் போனது அம்மா. அப்பா ஒருநாளும் அந்தக் கடைக்குள் வந்ததில்லை. இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி வேறு கடையில் வெட்டிக்கொள்வார். கேட்டால், "அங்க கூட்டமா இருக்கும்" என்பார். ஒரு பெஞ்ச், இரண்டு நாற்காலி உள்ள கடையில் என்ன கூட்டம்?

கல்லூரி முடித்த வருடம் மாமாவே சொன்னார். அதைச் சொல்ல வைத்ததும் என் வாய்தான். அன்று கடையில் உட்கார்ந்து போனில் ஒருவனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். சாதி ஒழிப்பு மாநாட்டுக்குப் போய்வந்த மறுநாள். "நீயெல்லாம் சிரைக்கத்தான்டா லாயக்கு" என்று கத்தினேன். மாமா சவரம் செய்துகொண்டிருந்தார். திரும்பவில்லை. நான்தான் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். சொல்லுகிறேன் தோழர்களே, நம் இயக்கத்து முகநூல் பக்கங்களிலேயே இந்த வார்த்தை தினமும் ஓடுகிறது. சங்கிகளைத் திட்டக்கூட நமக்கு ஒரு மனிதரின் தொழில் தேவைப்படுகிறது.

கூட்டம் போனபிறகு மன்னிப்புக் கேட்டேன். அவர் துண்டை உதறி மடித்துவிட்டு, "உங்க அப்பாகிட்ட நான் கேக்க வேண்டியது ஒண்ணு இருக்கு மாப்ள" என்று ஆரம்பித்தார்.

இருவரும் ஒரே ஊர். மாமாவின் தந்தை ஊருக்குக் 'குடிமகன்'. இளைய தோழர்கள் இந்தச் சொல்லை இந்தியக் குடிமகன் என்று படித்திருப்பீர்கள். ஊரில் இதற்கு அர்த்தம் வேறு. வீடு வீடாகப் போய்ச் சவரம் செய்ய வேண்டும், சாவு சொல்லப் போக வேண்டும், கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் நிற்க வேண்டும். கூலி, அறுவடையில் களத்தில் அளக்கும் நெல். காலனி ஆட்களுக்கு அவர் முடி வெட்டக்கூடாது, வெட்டினால் அந்த நெல் இல்லை. எங்கள் தெருவில் எங்களுக்கு நாங்களே வெட்டிக்கொண்டோம்.

1970 வாக்கில், என் அப்பாவுக்குப் பதின்மூன்று வயது. பள்ளிக்கூடத்தில் போட்டோ எடுக்கிறார்கள். புளியமரத்தடியில் அடைப்பத்தோடு உட்கார்ந்திருந்த பதினேழு வயது மாமாவிடம் போய் நின்று, எனக்கும் வெட்டிவிடுங்கள் என்று கேட்டிருக்கிறார். "ஆள் பாக்குது, போயிரு" என்று மாமா சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான் சம்பவம்.

"வெட்டியிருந்தா எங்க அய்யாவுக்கு அந்த வருச நெல்லு போயிருக்கும். அது நெசந்தான். ஆனா பயந்து மட்டும் சொல்லல மாப்ள. எனக்குக் கீழயும் ஒருத்தன் நிக்கிறான்னு அன்னிக்கு மனசுக்குள்ள ஒரு நெனப்பு இருந்துச்சு."

படிநிலைச் சமத்துவமின்மை பற்றி அண்ணல் அம்பேத்கர் எழுதியதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன். ஒருவர் தன் வாயால் தன்னைப் பற்றி இப்படிச் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

மாமா குடும்பம் ஊரைவிட்டு வந்ததற்குக் காரணம் அத்தை. பிரசவம் பார்க்கக் கூப்பிடுவார்கள். பிள்ளையை எடுத்துக் கொடுத்துவிட்டுத் திண்ணைக்குக் கீழே உட்கார்ந்து பழைய சோற்றை வாங்கிவர வேண்டும். "என் பிள்ளைக சட்டி தூக்கிட்டு வீடு வீடாப் போகாது" என்று 1986இல் கிளம்பிவிட்டார். கையில் இருந்தது அந்த அடைப்பம் மட்டும். இரண்டு மகள்கள், ஒரு மகன். பெரியவர் செவிலியர். சின்னவர் பள்ளியில், சாதிச் சான்றிதழில் 'மருத்துவர்' என்றிருப்பதைப் பார்த்து, உங்கப்பா எந்த ஆஸ்பத்திரி என்று வகுப்பே சிரித்ததாம். வீட்டுக்கு வந்து அழுத பிள்ளையிடம், உங்க பாட்டி எத்தனை பிரசவம் பார்த்தது தெரியுமா என்று மாமா விரல்விட்டு எண்ணிக்காட்டினாராம். மகனைக் கத்தி எடுக்க விடவில்லை. அதே வேலையை ஏசி போட்ட கடையில் 'ஸ்டைலிஸ்ட்' என்று சொல்லி மற்ற சாதிக்காரர்கள் முதல் போட்டு நடத்துவதைப் பார்த்து, "பேரு மாறுனா தீட்டுப் போயிருமா மாப்ள?" என்று சிரிப்பார்.

அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பர் 29 அன்று, 'கடை' என்றால் எது என்று உறுப்பினர்கள் கேட்டார்கள். பொருள் விற்கும் இடம் மட்டும் இல்லை, சேவை தர உட்கார்ந்திருக்கும் எவருடைய இடமும் கடைதான், உள்ளே வர மட்டும் இல்லை, சேவையைப் பெறவும் உரிமை உண்டு என்று அண்ணல் விளக்கினார். அதுதான் இன்றைய 15(2). மறுத்தால் குற்றம் என்று 1955இல் சட்டமும் வந்தது. என் அப்பா புளியமரத்தடியில் நின்றது அதற்குப் பதினைந்து வருடம் கழித்து. பட்டியல் சாதியினருக்கு முடிவெட்ட மறுக்கும் கடைகள் பற்றி நம் மாநிலத்திலிருந்து இன்றும் செய்தி வருகிறது. அந்தக் கடைக்காரரை மட்டும் திட்டிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். அவர் கடைக்கு இடம் வாடகைக்கு விட்டவர் யார், வெட்டினால் காலி செய் என்று மிரட்டுபவர் யார் என்று கேட்பதில்லை. இதைச் சொல்வதால் மறுத்தவர் செய்தது சரியாகிவிடாது. மாமாவே அப்படிக் கணக்குப் போட்டுத் தப்பித்துக்கொள்ளவில்லை.

2014இல் அப்பாவுக்குப் பக்கவாதம். வலது கை விழுந்துவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை மாமா வாசலில் நிற்கிறார், கையில் பழைய அடைப்பம். நான் அப்பா முகத்தைப் பார்த்தேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. மாமா கிண்ணியில் தண்ணீர் கேட்டார். சோப்பு போட்டு, பாதிக் கன்னம் வழித்திருப்பார். அப்பா குழறிய வாயால் கேட்டார்:

"இப்ப யாரும் பாக்கலையா?"

மாமா கை நின்றது. பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறு கன்னத்தைத் திருப்பினார், வழித்தார், படிகாரம் தேய்த்தார். அப்பா இறக்கும்வரை இரண்டு வருடம், ஒரு செவ்வாய் தவறியதில்லை. காசு வாங்க மறுத்தார். அப்பா விடவில்லை, இலவசமாகச் செய்தால் வராதே என்றார். வாங்கிக்கொண்டார். அவர்கள் நண்பர்களானார்கள் என்று சொல்லமாட்டேன், எனக்குத் தெரியாது. கிரிக்கெட் பேசுவார்கள்.

2020 ஊரடங்கில் கடை இரண்டு மாதம் மூடிக் கிடந்தது. அந்தக் கடனைச் சுமந்துகொண்டேதான் கடைசிவரை உழைத்தார்.

மாமா இறந்தபோது உறவினர்கள் தாலி அறுக்கும் சடங்குக்கு ஏற்பாடு செய்தார்கள். எத்தனையோ வீட்டுப் பெண்களுக்கு அதைச் செய்துவைக்க நிறுத்தப்பட்டது எங்கள் வீட்டுப் பெண்களைத்தான், எனக்கு அது வேண்டாம் என்று அத்தை சொல்லிவிட்டார். பொட்டோடும் பூவோடும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், பாருங்கள்.

கடையை அவரிடம் தொழில் கற்ற தம்பி நடத்துகிறார். நாளை காலை ஏழு மணிக்குத் திறக்கும்.

படத்தைத் திறந்துவைக்க அத்தையை மேடைக்கு அழைக்கிறேன்.