தீயில் காய்ச்சும் தோல்

(சின்ன காஞ்சிபுரம் அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மோரிசுத் தீவின் கொட்டு ஒன்றைக் குறித்துப் பேச எழுந்துள்ளோம். தறியோசை கேட்கும் நம் தெருவிற்கு அதனால் ஆவதென்ன என்று வினவுவீர்கள், சொல்லுவோம்.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளாய்க் கொண்டுபோகப்பட்ட ஜனங்கள் அங்கே ‘சேகா’ என்னும் பாட்டையும் ஆட்டத்தையும் உண்டாக்கினர். அதற்கு உயிர் ‘ரவான்’ என்னும் வாத்தியம்: அகன்ற மரவளையம், அதன் ஒருபுறம் ஆட்டுத்தோல். வாசிக்குமுன் தீயில் காய்ச்சுவர். தோல் இறுகி நாதம் கணீரென்னும். நம் ஊர்ப் பறைக்குச் செய்வதும் இதுவே அன்றோ! 1835-இல் அடிமைத்தளை நீங்கியது. கரும்புத் தோட்டக் கூலிகளாய் அத்தீவு சென்றவர்களில் நம் தமிழரும் பலர்.

பாதிரிமாரும் கனவான்களும் சேகாவை நெடுங்காலம் இழிவென்று ஒதுக்கினர். டி ஃபிரேர் எனப்பட்ட பாடகர் (1900–1992) போன்றோர் விடாது பாடினர். 2014-இல் யுனெஸ்கோ ஸ்தாபனம் அதனை மானிட குலத்தின் பாரம்பரியச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலில் ஏற்றிற்று.

நம்மிடையே நிலைமை யாது? சாவு வீட்டிற்குப் பறை கொட்டுவோரை அழைக்கிறோம். பல வீடுகளில் அவர்களைத் தெருவிலேயே நிறுத்திக் கூலியையும் எட்ட நின்று கொடுக்கிறோம். கோயில் தவிலை மங்கள வாத்தியம் என்கிறோம். மிருதங்கத்தைத் தொட்டு வணங்குகிறோம். அவற்றிலும் உள்ளது தோல்தானே!

ஆதலின் ஒரு பிரேரணை: நம் இல்லங்களுக்குக் கொட்ட வருவோர்க்குப் பேசிய கூலியைக் கையில் கொடுப்பது, நம் பந்தியிலேயே இலை போடுவது. காரியக் கமிட்டியின் அடுத்த கூட்டத்தில் இதனை வாக்குக்கு விடுமாறு வேண்டுகிறோம்.