கழிவுக்குக் கணக்கு கேட்போம்



துப்புரவுத் தொழில் பற்றி ஆய்வு செய்கிறவன் அணுக்கழிவைப் பற்றி ஏன் பேச வருகிறான் என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். இரண்டு இடத்திலும் நான் கேட்பது ஒரே கேள்விதான். கழிவை உண்டாக்குகிறவர் யார், அதைக் கையால் தொடுகிறவர் யார்? இந்த நாட்டில் அந்த இருவரும் ஒரே ஆளாக இருப்பது அபூர்வம்.

முதலில் டெல்லிக்குப் போவோம். டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறை 1968இல் ஒரு காமா கதிர்வீச்சுக் கருவியை வாங்கியது. உள்ளே கோபால்ட்-60. 1985க்குப் பிறகு அதை யாரும் பயன்படுத்தவில்லை. 2010 பிப்ரவரியில் மற்ற பழைய சாமான்களோடு அதையும் ஏலம் விட்டார்கள். அது மாயாபுரி காயலான் கடைக்குப் போனது. ஈயக் கவசத்துக்கு நல்ல விலை உண்டு. அதை உடைத்தார்கள். பலருக்குக் கதிர்வீச்சுப் பாதிப்பு ஏற்பட்டது. ஏப்ரல் 26 அன்று ஒரு தொழிலாளி இறந்தார்.

கோபால்ட்-60 ஏறத்தாழ ஐந்தேகால் ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். 42 ஆண்டுகளில் எட்டு முறை பாதியாகி, தொடக்கத்தில் இருந்ததில் இருநூறில் ஒரு பங்குகூட மிச்சமில்லாத நிலையில்தான் அது ஒரு மனிதனைக் கொன்றது. கதிரியக்கக் கழிவு என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

சட்டம் இல்லையா? இருந்தது. கதிரியக்கக் கழிவுகளைப் பாதுகாப்பாக அகற்றுவதற்கான விதிகள் 1987லேயே வந்துவிட்டன. அனுமதி வாங்க வேண்டும், பதிவேடு வைக்க வேண்டும் என்று எல்லாம் எழுதியிருக்கிறது. மனிதக் கழிவை மனிதர் அள்ளக் கூடாது என்று 1993இலும் 2013இலும் சட்டம் போட்ட பிறகும் மலக்குழி மரணங்கள் நிற்கவில்லை. அதே கதைதான். சட்டம் இருக்கிறது, கணக்கு இல்லை.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2012ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. நாட்டிலுள்ள கதிர்வீச்சு மூலங்கள் அனைத்துக்கும் விரிவான பட்டியல் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்திடம் இல்லை. பயன்படுத்தி முடித்த மூலங்கள் பாதுகாப்பாக அகற்றப்பட்டனவா என்று சரிபார்க்கச் சரியான ஏற்பாடும் இல்லை. மருத்துவ எக்ஸ்ரே நிலையங்களில் சுமார் 91 விழுக்காடு வாரியத்தில் பதிவே செய்யப்படவில்லை. விதியை மீறினால் அதிகபட்ச அபராதம் 500 ரூபாய். ஹெல்மெட் போடாமல் வண்டி ஓட்டினால்கூட இன்று அதைவிட அதிகம் கட்ட வேண்டும்.

அடுத்தது நம் ஊர், கல்பாக்கம். 2003 ஜனவரி 21 அன்று மறுசெயலாக்க ஆலையின் கழிவுத் தொட்டிகள் உள்ள பகுதியில் குறைந்த கதிரியக்கம் கொண்ட கழிவிலிருந்து மாதிரி எடுக்கத் தொழிலாளர்களை அனுப்பினார்கள். அங்கே ஒரு வால்வு பழுதாகி, உயர் கதிரியக்கக் கழிவு கலந்திருந்தது அவர்களுக்குத் தெரியாது. எச்சரிக்கும் கருவி அந்த இடத்தில் பொருத்தப்படவில்லை. ஆறு பேர் கடுமையான கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். முழுநேரப் பாதுகாப்பு அதிகாரி வேண்டும் என்பது உள்ளிட்ட கோரிக்கைகளைத் தொழிற்சங்கம் எழுதிக் கொடுத்தது, வேலைநிறுத்தம் செய்தது. பதிலாக வந்தவை இடமாற்ற உத்தரவுகள். ஊருக்கு விஷயம் தெரிய ஆறு மாதம் ஆனது.

இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. 2000ஆம் ஆண்டிலேயே பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் நிலையங்களை ஒழுங்குமுறை வாரியத்தின் கண்காணிப்பிலிருந்து எடுத்து, மையத்தின் உள்குழுவிடமே ஒப்படைத்துவிட்டார்கள். கல்பாக்கம் ஆலை அந்த மையத்துக்குச் சொந்தமானது. கழிவு மிகக் கொடியதாக இருக்கும் இடத்தில் வெளியார் கண் இல்லை. அந்த இடத்தின் ஆபத்தை வெளியே சொன்னது தொழிற்சங்கம்தான்.

மூன்றாவது, கோலார் தங்கவயல். 2012இல் கூடங்குளம் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்தபோது, எரிந்து தீர்ந்த எரிபொருளைக் கடைசியில் எங்கே கொண்டுபோவீர்கள் என்ற கேள்வி வந்தது. கோலாரில் கைவிடப்பட்ட சுரங்கம் என்று அரசுத் தரப்பு பதில் சொன்னது. கர்நாடகத்தில் எதிர்ப்பு கிளம்பியதும் அப்படி ஒரு திட்டமே இல்லை என்றார்கள்.

அந்த ஊர் யாருடைய ஊர் என்று உங்களுக்குத் தெரியும். வட ஆர்க்காட்டுச் சேரிகளிலிருந்து கிளம்பிப் போன நம் மக்கள் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம்வரை இறங்கித் தங்கம் எடுத்த ஊர். அயோத்திதாசரின் பௌத்தம் மாரிகுப்பத்தில் வேர் பிடித்த ஊர். 2001இல் சுரங்கத்தை மூடினார்கள். தங்கம் வெளியே போனது, சயனைடு கலந்த மண்மேடுகள் அங்கேயே நின்றன. புளூட்டோனியம்-239 பாதியாகக் குறைய 24,000 ஆண்டுகள் ஆகும். அப்படிப்பட்ட கழிவுக்கு இடம் தேடும்போது, ஆழம், பாறை என்று அறிவியல் காரணங்கள் சொல்வார்கள். இருக்கட்டும். அந்த மக்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று ஏன் யாருக்கும் தோன்றவில்லை? ‘காலி இடம்’ என்று அதிகாரம் சொல்லும்போதெல்லாம் அங்கே யார் வாழ்கிறார்கள் என்று பாருங்கள். சேரிக்குப் பக்கத்தில் குப்பைக் கிடங்கு வருவதும் இதே கணக்கில்தான்.

இங்கே ஒரு தோழர் எழுந்து, “அணு உலையே வேண்டாம் என்பதுதான் நம் நிலைப்பாடு, ஒழுங்குமுறை கேட்பது அதை ஏற்றுக்கொள்வதாகாதா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. என் பதில் இது: நாளைக் காலையே எல்லா உலைகளையும் மூடினாலும் இதுவரை சேர்ந்த கழிவு நம்மோடுதான் இருக்கும். புற்றுநோய் மருத்துவமனைகளுக்குக் கதிர்வீச்சு மூலங்கள் தேவை, அவையும் ஒருநாள் கழிவாகும். மூடுவதற்காகப் போராடலாம். ஆனால் அதுவரை அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறவரை மறந்துவிட முடியாது. அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை தொழிலாளர் துறைக்குப் பொறுப்பாக இருந்தார். 1943இல் ஜாரியா நிலக்கரிச் சுரங்கத்துக்குள் தானே இறங்கிப் பார்த்தார். ஆலைகளில் வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பு அவர் காலத்து முயற்சியில் வந்தது. முதலாளித்துவம் ஒழியட்டும், அப்புறம் வேலைநேரம் பேசலாம் என்று அவர் காத்திருக்கவில்லை.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ‘சாந்தி’ சட்டம் ஒழுங்குமுறை வாரியத்துக்கு முதன்முறையாகச் சட்ட அந்தஸ்து தருகிறது. 1983இல் ஓர் அரசாணையால் உருவான வாரியம் இத்தனை காலம் அது இல்லாமலே நடந்தது. அதே சட்டம்தான் தனியாருக்கும் கதவைத் திறக்கிறது. லாபம் பார்க்கிறவர் கூடும்போது, கழிவை அடுத்தவர் தலையில் கட்டும் கைகளும் கூடும். ஆகவே இப்போதே கேட்க வேண்டியவை நான்கு.

ஒன்று, மாவட்டவாரியாக எத்தனை கதிர்வீச்சு மூலங்கள் இருக்கின்றன, எத்தனை திரும்ப ஒப்படைக்கப்பட்டன என்ற கணக்கு ஆண்டுதோறும் பொதுவில் வர வேண்டும். பாதுகாப்பு ரகசியம் என்பார்கள். நாம் முகவரி கேட்கவில்லை, எண்ணிக்கை கேட்கிறோம்.

இரண்டு, ஒப்பந்தத் தொழிலாளி வாங்கிய கதிர்வீச்சு அளவு அவருடைய மொழியில், அவர் கையில் இருக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்தாலும் மருத்துவக் கண்காணிப்பு வாழ்நாள் முழுக்கத் தொடர வேண்டும்.

மூன்று, மறுசெயலாக்க ஆலைகளும் கழிவுத் தொட்டிகளும் யாருக்குச் சொந்தமாக இருந்தாலும், சுதந்திரமான கண்காணிப்புக்குள் வர வேண்டும்.

நான்கு, கழிவுக்கு இடம் தேடுவதற்கு முன்பே அந்த ஊர் மக்களின் ஒப்புதல் வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் உரிமை இல்லாத இடத்தில் ஒப்புதலுக்குப் பொருள் இல்லை.

இவை நிபுணர்கள் பேச வேண்டிய விஷயம் என்று சொல்லி நம்மை வெளியே நிறுத்தப் பார்ப்பார்கள். மாயாபுரியில் ஏலம் விட்டது படிக்காதவர்கள் அல்ல, ஒரு பல்கலைக்கழகம். கதிரியக்கம் சாதி பார்ப்பதில்லை. அதை யார் பக்கத்தில் வைப்பது என்று முடிவு செய்கிறவர்கள் பார்க்கிறார்கள். அந்த முடிவு எடுக்கப்படும் மேசையில் நமக்கு இடம் கேட்போம்.

ஜெய் பீம்.