தலையில் ஓடும் மின்சாரம்

செபராங் ஜெயாவில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டுப் பினாங்குப் பாலத்து நெரிசலில் ஊர்ந்துகொண்டிருப்பவர்களுக்கும் சேர்த்து, இன்று ஒரு தகவல்.

வலிப்பு வந்தவருக்கு டாக்டர் 'இ.இ.ஜி. எடுக்கணும்' என்றதும் வீட்டில் பதற்றம். தலையில் கரண்ட் வைப்பார்களோ? இல்லவே இல்லை. மூளை தானாக உண்டாக்கும் மின்சாரத்தைத்தான் இ.இ.ஜி. கருவி பதிவு செய்கிறது. அது ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்கு மட்டுமே.

1924-இல் ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் என்ற மருத்துவர் மனித மூளையில் இதை முதன்முதலில் பதிவு செய்தார். கண்மூடி ஓய்வாக இருந்தால் இந்தப் பதிவில் நொடிக்கு 8 முதல் 13 அலைகள். இது 'ஆல்பா'. கண்ணைத் திறந்தால் அடங்கிவிடும். ஆழ்ந்த உறக்கத்தில் வரும் 'டெல்டா' நொடிக்கு நான்குக்கும் குறைவு.

பரிசோதனைக்குப் போகுமுன் தலைக்குக் குளியுங்கள்; எண்ணெய் தடவாதீர்கள், தடவினால் தலையில் பொருத்தும் மின்முனை சரியாக ஒட்டாது. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பதிவு சரியாக இருந்தாலும் வலிப்பு நோயே இல்லை என்று முடிவுகட்டவும் வேண்டாம்.

வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் பயனில்லை. ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். வலிப்பு ஐந்து நிமிடம் தாண்டினால் உடனே 999-ஐ அழையுங்கள்.