எந்த வாசலில் கொண்டு சேர்ப்பது?

(அம்பத்தூரில் இளைஞர்களும் வணிகப் பெருமக்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2021 மே மாதத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இரவு பகலாக ஆம்புலன்ஸ் சத்தம். சென்ட்ரலுக்கு எதிரே உள்ள அரசு பொது மருத்துவமனை வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. உள்ளே இடம் கிடைக்காமல் வண்டியிலேயே உயிர் பிரிந்தவர்களும் உண்டு. மே 21ஆம் தேதி ஒரே நாளில் தமிழகத்தில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. அதுவே உச்சம்.

இந்தச் சமுதாயத்தின் இளைஞர்கள் அந்த நாட்களில் செய்த பணியை நாடே பார்த்தது. பெற்ற பிள்ளைகளே தொடப் பயந்த உடல்களைச் சுமந்து சென்று, சாதி மதம் பாராமல், அவரவர் முறைப்படி அடக்கம் செய்தார்கள், தகனம் செய்தார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக!

ஆனால், சகோதரர்களே, இன்று நான் பேச வந்தது அதற்கு ஒரு படி முந்தைய பணியைப் பற்றி. மையவாடிக்குச் செல்லும் வழி நமக்கு நன்றாகத் தெரியும். மூச்சுத் திணறும் ஒருவரை எந்த நேரத்தில், எந்த மருத்துவமனையின் வாசலில் சேர்க்க வேண்டும் என்ற வழி நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

எல்லோரும் ஒரே வாசலுக்கு ஓடினால்...

ஆவடியிலும் அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் அரசு மருத்துவமனைகள் உண்டு. ஆனாலும் நோய் என்றதும் நம் மக்களின் மனம் போகும் இடம் கீழ்ப்பாக்கம் அல்லது ஜி.எச். இரண்டும் இருப்பது ஒரே பூந்தமல்லி நெடுஞ்சாலையில்தான். மேற்குப் புறநகர் முழுவதும் ஒரே சாலை வழியாக இரண்டே வாசல்களில் போய் மோதினால் என்னவாகும்? காய்ச்சல் மட்டும் உள்ளவரும் ஆக்சிஜன் அளவு 85க்கு இறங்கியவரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். முன்னவர் பயத்தில் நிற்கிறார். பின்னவருக்கோ ஒவ்வொரு நிமிடமும் உயிர்ப் பிரச்சினை.

2020இன் தொடக்கத்தில், தொற்று உறுதியான எல்லோரையும் மருத்துவமனையில் சேர்த்தார்கள். விரைவிலேயே படுக்கைகள் நிரம்பின. அதன் பிறகுதான் லேசான நோயுள்ளவர் வீட்டில் இருக்கலாம், வீட்டில் வசதி இல்லாதவர் கோவிட் பராமரிப்பு மையத்திற்குப் போகலாம், மூச்சுத் திணறல் உள்ளவருக்கே மருத்துவமனை என்ற ஒழுங்கு வந்தது. நந்தம்பாக்கம் வர்த்தக மையம் பராமரிப்பு மையமானது. 2020 ஜூலையில் கிண்டி கிங் வளாகத்தில் கொரோனாவுக்கென்றே ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது.

இரண்டாம் அலையில் இந்த ஒழுங்கு மீண்டும் சோதனைக்கு வந்தது. தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் 'வார் ரூம்' எனப்பட்ட கட்டளை மையம் 2021 மே மாதம் இயங்கத் தொடங்கியது. தாரேஸ் அகமது ஐ.ஏ.எஸ். அதற்குப் பொறுப்பேற்றிருந்தார். 104க்கு வரும் அழைப்புகளை வாங்கி, நோயாளியின் நிலையை விசாரித்து, எங்கே ஆக்சிஜன் படுக்கை காலியாகிறது என்று பார்த்து அனுப்பினார்கள். மே 14 இரவு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அங்கே சென்று, படுக்கை கேட்டு வந்த ஓர் அழைப்புக்குத் தாமே பதில் சொன்னார். ஜி.எச்.சில் வண்டிகள் காத்துக் கிடக்காமல் இருக்க, வந்தவுடன் ஆக்சிஜன் கொடுக்கும் தனி வார்டு அமைத்தார்கள். மாநகராட்சி ஸ்கிரீனிங் மையங்களுக்கு நோயாளிகளை அழைத்துச் செல்ல கார்களை ஆம்புலன்ஸ் ஆக்கியது.

கூட்டம் ஓரிடத்தில் குவிவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இன்னொரு சாட்சி, ரெம்டெசிவிர் வரிசை. கீழ்ப்பாக்கத்தில் நோயாளிகளின் உறவினர்கள் நாள் கணக்கில் காத்துக் கிடந்தார்கள். மே 15இல் விற்பனை நேரு விளையாட்டரங்கிற்கு மாற்றப்பட்டது. அங்கும் கூட்டம் அலைமோதியது. பிறகு தனிநபர் விற்பனையே நிறுத்தப்பட்டு, மருந்து மருத்துவமனைகளுக்கு நேரடியாக வழங்கப்பட்டது. மனிதர்களை அலையவிடாமல் மருந்தை அலையவிட்டார்கள், வரிசை கலைந்தது.

நம் பகுதியின் சிக்கல்

நம் பகுதிக்கென்று தனிச் சிக்கல் ஒன்று உண்டு. அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சியின் 7ஆவது மண்டலம். ஆவடி 2019இல் தனி மாநகராட்சியானது. அது திருவள்ளூர் மாவட்டம். பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டமே. திருமுல்லைவாயலில் வீடு, அம்பத்தூர் ஓ.டி.யில் கடை என்று இருக்கும் ஒரு வியாபாரியை எண்ணிப் பாருங்கள். கடை முகவரியைக் கொடுத்துப் பரிசோதனை செய்தால், அவரைத் தேடி வரும் ஊழியர் பூட்டிய கடையைப் பார்த்துத் திரும்புவார். வீடோ வேறு மாவட்டத்தின் கணக்கில். கிருமிக்கு எல்லை கிடையாது, காகிதத்திற்கு உண்டு. ஆகவே பரிசோதனைக்குப் போகும்போது வசிக்கும் முகவரியையே கொடுங்கள். இந்தச் சின்ன விஷயத்தில் ஒரு நாள் மிச்சமாகும்.

மும்பை மாநகராட்சி 2020இலேயே தன் 24 வார்டுகளிலும் தனித்தனி வார் ரூம் வைத்தது. பரிசோதனை முடிவு அந்தந்த வார்டுக்குப் போகும். அங்கிருந்தே படுக்கை ஒதுக்குவார்கள். பெரிய ஊருக்கு ஒரே இடத்திலிருந்து வழிகாட்டுவதைவிட, தெருவை அறிந்தவர் வழிகாட்டுவது எளிது. தெருவை அறிந்தவர் யார்? மஹல்லாவில் இருக்கும் நீங்கள்தான்!

உமர் (ரலி) அவர்கள் காட்டிய வழி

உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்திற்குப் புறப்பட்டு 'ஸர்க்' என்ற இடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதாகச் செய்தி வந்தது. ஆலோசனை கேட்டார்கள்; திரும்பிச் செல்ல முடிவெடுத்தார்கள். இறைவனின் விதியிலிருந்து ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) கேட்டபோது, ஒட்டகத்தை வறண்ட கரையில் மேய்த்தாலும் பசுமையான கரையில் மேய்த்தாலும் இரண்டும் இறைவிதிப்படியே என்று விளக்கினார்கள். பின்னர் அம்வாஸ் கொள்ளைநோயில் பலர் மரணித்தபோது, அம்ரு பின் ஆஸ் (ரலி) அவர்கள் மக்களை மலைகளுக்குப் பிரித்து அனுப்பினார்கள். யாரை எங்கே அனுப்புவது என்று திட்டமிடுவது தவக்குலுக்கு எதிரானதல்ல. அது நம் முன்னோர் நடந்து காட்டிய வழி.

என்ன செய்யலாம்?

ஒன்று: முதியோர், சர்க்கரை நோயாளிகள், டயாலிசிஸ் செய்பவர்கள், கர்ப்பிணிகள் பட்டியல் ஒவ்வொரு மஹல்லாவிலும் இருக்கட்டும். கொள்ளைநோய்க் காலத்திலும் பிரசவமும் மாரடைப்பும் நிற்பதில்லை. அவர்களுக்கான வாசல் எது என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். எஸ்டேட்டில் வேலை செய்பவர்கள் ஈ.எஸ்.ஐ. அட்டையையும், மற்றவர்கள் முதல்வர் காப்பீட்டு அட்டையையும் எடுத்து வைக்கட்டும்.

இரண்டு: கடைக்கு ஒரு ஆக்சிமீட்டர் வாங்கி வையுங்கள். கொரோனாவில் மூச்சுத் திணறல் இன்றி 94க்கு மேல் இருந்தால் மருத்துவர் சொற்படி வீட்டிலேயே இருக்கலாம்; 90 முதல் 93 என்றால் ஆக்சிஜன் தேவை; 90க்குக் கீழே போனால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108.

மூன்று: வாட்ஸ்அப்பில் வரும் 'படுக்கை இருக்கிறது' செய்தியை, அந்த எண்ணில் பேசிப் பார்க்காமல் அனுப்பாதீர்கள். பழைய செய்தியை நம்பி இருபது கிலோமீட்டர் போகும் நோயாளியின் நிலையை நினையுங்கள்.

நான்கு: குணமானவரை உடனே வீட்டுக்கு அழைத்து வாருங்கள். வெளியே போகும் வாசல் அடைபட்டால் உள்ளே வரும் வாசலும் அடைபடும். 'இன்னும் இரண்டு நாள் இருக்கட்டும்' என்று நாம் விடும் படுக்கைக்காக வெளியே ஒருவர் மூச்சுக்குப் போராடுகிறார். வணிகர்களே! சரக்கு இறக்கிய பின் சும்மா நிற்கும் உங்கள் வேன் இதற்குப் போதும்.

ஐந்து: இதுதான் எல்லாவற்றிலும் கடினமானது. சிபாரிசு! நமக்கு எம்.எல்.ஏ.வைத் தெரியும், மருத்துவரைத் தெரியும், இயக்கத்தின் பெயரும் இருக்கிறது. ஒரு போன் செய்தால் நம் உறவினருக்குப் படுக்கை கிடைக்கலாம். ஆனால் அந்தப் படுக்கை வானத்திலிருந்து இறங்கவில்லை. வரிசையில் முன்னே நின்ற, யாரையும் தெரியாத ஒரு கூலித் தொழிலாளியிடமிருந்து எடுக்கப்பட்டது அது. அவர் எந்த மதத்தவராக இருந்தாலும் அது அவருடைய ஹக். எடைக்கல்லில் குறை வைப்பது ஹராம் என்று அறிந்த வியாபாரிகளே, உயிரின் வரிசையில் குறை வைப்பது மட்டும் ஆகுமா? நம் செல்வாக்கை, வாசல் தெரியாதவருக்கு வாசலைக் காட்டப் பயன்படுத்துவோம். அடுத்தவரைத் தள்ளிவிட்டு முன்னே போகப் பயன்படுத்த வேண்டாம்.

அடுத்த நோய் எப்போது வரும் என்பதை அல்லாஹ்வே அறிவான். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் உங்கள் பள்ளியில் ஐந்து பேர் உட்காருங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, முதல் பக்கத்தில் உங்கள் தெருவின் முதியவர்கள் பெயரை எழுதுங்கள். மற்றவை இன்ஷா அல்லாஹ் தாமாகத் தொடரும்.

வஸ்ஸலாம்.