மெஷின் நிற்கலாம், சரக்கு நிற்கக் கூடாது

(பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், உற்பத்திப் பொறியியல் துறையின் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



"உற்பத்தி முறைன்னு இத்தனை வருஷமா ஆராய்ச்சி பண்றீங்களே, அதுல என்னதான் கண்டுபிடிச்சிருக்காங்க? எல்லாருக்கும் புரியற மாதிரி சொல்லுங்க" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நியாயமான கேள்வி. நூறு வருட ஆராய்ச்சியை அரை மணியில் சொல்லிவிட முடியாது. ஆகவே ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தொழிற்சாலையில் காலம் எங்கே போகிறது என்பதுதான் அது.

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேராவது ஏதாவது ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்திருப்பீர்கள். ஆர்டர் தாமதமானால் என்ன நடக்கும்? முதலாளி மேனேஜரைக் கேட்பார். மேனேஜர் சூப்பர்வைசரைக் கேட்பார். சூப்பர்வைசர் லேத்தில் நிற்பவரைக் காட்டுவார். "ஆள் சரியில்லை சார், வேகம் பத்தாது." மறுநாள் ஓவர்டைம். அடுத்த மாதமும் இதே கதைதான். லேத்தில் நிற்பவருக்கோ தன் கையில் அந்த ஜாப் இருந்ததே இருபது நிமிடம் என்று தெரியும். ஆனால் அவரை யாரும் கேட்பதில்லை.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். எம்.ஐ.டி.யில் பணியாற்றிய ஜான் லிட்டில் 1961ல் ஒரு சிறிய விதிக்கு நிரூபணம் தந்தார். லிட்டில் விதி என்று உங்கள் பாடத்தில் வரும். உள்ளே கிடக்கும் ஜாப்களின் எண்ணிக்கையை, ஒரு நாளில் வெளியே போகும் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு ஜாப் சராசரியாக உள்ளே இருக்கும் நாள் வரும். அவ்வளவுதான்.

ஒரு பம்பு செய்யும் பட்டறையை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குக்காகச் சொல்கிறேன். வார்ப்பு வந்ததிலிருந்து அசெம்பிளி வரை 600 பம்புக்கான சரக்கு தரையில் கிடக்கிறது. தினமும் 40 பம்பு வெளியே போகிறது. 600ஐ 40ஆல் வகுத்தால் 15. ஒரு பம்பு வெளியே வர 15 வேலை நாள். அந்தப் பம்பின்மேல் கை பட்ட நேரத்தைக் கூட்டினால் மொத்தம் நாலைந்து மணி நேரம் தேறும். மீதி நாளெல்லாம் அது டிரேயில் உட்கார்ந்து தன் முறைக்குக் காத்துக்கொண்டிருந்தது.

இப்போது சொல்லுங்கள், லேத் ஆபரேட்டரை இன்னும் வேகமாக ஓட்டச் சொன்னால் என்ன மிச்சமாகும்? பத்து நிமிடம். தரையில் கிடப்பதை 280 ஆகக் குறைத்து, தினம் 40 என்பதைக் காப்பாற்றினால்? ஏழே நாளில் பம்பு வெளியே வரும். யாரையும் திட்ட வேண்டியதில்லை.

"சரி சார், அவ்வளவு சரக்கை யார் உள்ளே போட்டது?" என்று நீங்கள் கேட்கலாம். நாம்தான் போட்டோம். எந்த மெஷினும் சும்மா நிற்கக் கூடாது என்ற எண்ணம்தான் போட்டது. விலை கொடுத்து வாங்கிய மெஷின், கடன் ஓடுகிறது, அது நின்றால் வயிறு எரிகிறது. அதனால் வேலை இருக்கிறதோ இல்லையோ, எதையாவது கொடுத்து ஓட்டுகிறோம்.

இதற்கும் 1961லேயே பதில் வந்துவிட்டது. இங்கிலாந்துக் கணித அறிஞர் கிங்மன், வரிசைகளைப் பற்றி ஒரு சூத்திரம் தந்தார். காத்திருக்கும் நேரத்தை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: ஒரு வேலைக்கு ஆகும் நேரம், மெஷின் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது, வேலையின் வரத்திலும் முடிவிலும் உள்ள ஏற்ற இறக்கம். ஒரு ஜாப்புக்கு ஒரு மணி நேரம், ஏற்ற இறக்கம் நடுத்தரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெஷின் 50 சதவீதம் நிரம்பியிருந்தால் சராசரிக் காத்திருப்பு 1 மணி நேரம். 80 சதவீதம் என்றால் 4 மணி. 90 என்றால் 9 மணி. 95 என்றால் 19 மணி! கடைசி ஐந்து சதவீதத்துக்காகக் காத்திருப்பை இரட்டிப்புக்கும் மேலாக்கிக்கொள்கிறோம்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து டாக்டரின் கிளினிக்கை நினைத்துப் பாருங்கள். டாக்டர் ஒரு நிமிடம்கூடச் சும்மா இருக்கக் கூடாது என்றால், வாசலில் எப்போதும் நாற்பது பேர் உட்கார்ந்திருக்க வேண்டும். டாக்டருக்கு அது திறமை, நோயாளிக்கு அது தண்டனை. நம் பட்டறையில் நோயாளியின் இடத்தில் உட்கார்ந்திருப்பது நம் பணம். ஓ.டி. வட்டி ஞாயிற்றுக்கிழமையும் ஓடுகிறது என்பதைத் தொழில் செய்யும் நண்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் எல்லா மெஷினையும் நிறுத்திவிடலாமா? அதுவும் இல்லை. 1984ல் கோல்ட்ராட் 'தி கோல்' என்று ஒரு நாவலே எழுதி இதை விளக்கினார். ஒரு தொழிற்சாலையின் வேகத்தை நிர்ணயிப்பது அதன் குறுகலான இடம், பாட்டில்நெக் என்கிறோமே, அதுதான். அந்த மெஷின் ஒரு மணி நேரம் நின்றால் தொழிற்சாலையே ஒரு மணி நேரம் நின்றதாக அர்த்தம். மற்ற மெஷின் நின்றால் ஒன்றும் குடி முழுகிவிடாது. அது தொடர்ந்து ஓடினால்தான் ஆபத்து, குறுகலான இடத்துக்கு முன்னால் மலை குவியும்.

அடுத்தது செட்டிங். "ஒரு தடவை செட்டிங் மாற்ற அரை நாள் ஆகுது சார், அதனால் ஒரேயடியா ஆயிரம் போட்டுடறோம்" என்பார்கள். ஒரு தடவைக்கு எத்தனை போட்டால் லாபம் என்பதற்கு 1913லேயே ஹாரிஸ் என்பவர் சூத்திரம் தந்துவிட்டார். இ.ஓ.க்யூ. என்று நாமெல்லாம் மனப்பாடம் செய்தது அதுதான். சூத்திரம் சரி. ஆனால் அது செட்டிங் செலவை மாறாத ஒன்றாக எடுத்துக்கொள்கிறது. அதை ஏன் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஜப்பானில் கேட்டார்கள். 1969ல் டொயோட்டாவில் 1000 டன் பிரஸ் ஒன்றில் டை மாற்ற நான்கு மணி நேரம் ஆனது. ஷிகேயோ ஷிங்கோ அதை முதலில் ஒன்றரை மணி நேரமாகவும், சில மாதங்களில் மூன்று நிமிடமாகவும் குறைக்க வழி செய்தார். மந்திரம் ஒன்றுமில்லை. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யக்கூடிய வேலை எது, நின்றால்தான் செய்ய முடிகிற வேலை எது என்று பிரித்தார். ஸ்பானர் தேடுவது, அடுத்த டையைக் கொண்டுவருவது எல்லாம் முதல் வகை. இப்படிச் செட்டிங் நேரம் இறங்கினால், ஆயிரம் போட வேண்டிய இடத்தில் ஐம்பது போடலாம். தரையில் கிடக்கும் சரக்கு தானாகக் குறையும்.

இதையெல்லாம் கோத்து ஒரு முறையாக ஆக்கியவர் டொயோட்டாவின் தாயீச்சி ஓனோ. அமெரிக்க சூப்பர்மார்க்கெட்டில் எடுத்ததை மட்டும் திரும்ப நிரப்புவது அவருக்குப் பிடித்துப்போனது. அடுத்த இடத்தில் தேவைப்பட்டால் மட்டுமே முந்தைய இடத்தில் செய்வது என்று வைத்தார். அதற்கான அட்டைதான் கான்பன். அட்டை வரவில்லையா, மெஷின் நிற்கட்டும்.

மாணவச் செல்வங்கள் கவனிக்க வேண்டியது, அந்த முறையில் நிறுத்தும் உரிமை தொழிலாளியிடம் இருந்தது என்பதை. டொயோட்டா கார் செய்வதற்கு முன்பே தறி செய்த குடும்பம். நூல் அறுந்தால் தானே நின்றுவிடும் தறியைச் சகிச்சி டொயோடா உருவாக்கினார். அதே யோசனைதான் கார் லைனில் கயிறாக வந்தது. கோளாறு கண்டவர் கயிற்றை இழுக்கலாம். பிரச்சினை தீராவிட்டால் லைன் நிற்கும். யாரும் திட்ட மாட்டார்கள், உதவிக்கு ஆள் வரும்.

"அது ஜப்பான்காரனுக்குச் சரி, நம்ம ஆளுங்களுக்கு ஒத்துவராது" என்பது அடிக்கடி கேட்கும் பேச்சு. அமெரிக்காவிலும் இதையேதான் சொன்னார்கள். கலிபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை ஒன்று இருந்தது. தரம் மோசம், வேலைக்கு வராதவர்கள் ஏராளம், எப்போதும் தகராறு. 1982ல் மூடிவிட்டார்கள். 1984ல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து 'நும்மி' என்ற பெயரில் அதே ஆலையைத் திறந்தன. பழைய தொழிலாளர்களில் பெரும்பாலோரையே, அதே யூனியனோடு, திரும்ப எடுத்தார்கள். சிறிது காலத்திலேயே ஜப்பானில் செய்த காருக்கு ஈடான தரம் வந்தது. வராமல் இருப்பவர்கள் மிகவும் குறைந்தார்கள். 2010ல் வேறு காரணங்களால் அந்த ஆலை மூடப்பட்டது என்றாலும் அதன் பாடம் மாறவில்லை. ஆட்கள் அதே ஆட்கள், முறை வேறு. டெமிங் வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்ததும் இதைத்தான். குறைகளில் பெரும்பாலானவை முறையைச் சேர்ந்தவை, முறையை மாற்றும் அதிகாரம் நிர்வாகத்திடம்தான் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சரக்கே வைக்கக் கூடாது என்று இதைப் புரிந்துகொள்ளாதீர்கள். 2011 மார்ச்சில் ஜப்பானில் வந்த பூகம்பத்தில் டொயோட்டாவுக்குப் பாகங்கள் வருவது நின்றுபோனது. அதன்பிறகு அவர்கள், கிடைப்பதற்கு நாளாகும் சிப் போன்றவற்றைச் சில மாதங்களுக்கு இருப்பு வைக்கும்படி சப்ளையர்களிடம் கேட்டுக்கொண்டார்கள். 2021ல் உலகெங்கும் சிப் தட்டுப்பாடு வந்தபோது, ஆரம்ப மாதங்களில் பலரைவிட அவர்கள் நன்றாகச் சமாளித்தார்கள், பிறகு அவர்களும் உற்பத்தியைக் குறைக்க நேர்ந்தது. காரணத்தோடு வைக்கும் சரக்கு காப்பு. காரணம் தெரியாமல் குவியும் சரக்குதான் நோய்.

நம் ஊரில் இதெல்லாம் நடக்குமா? நடந்திருக்கிறது. சென்னை பாடியில் இருந்த சுந்தரம்-கிளேட்டன் பிரேக் பிரிவு 1998ல் டெமிங் பரிசு பெற்றது. இந்திய நிறுவனம் ஒன்று அதைப் பெற்றது அதுவே முதல் முறை. ஆனால் என் கவலை பெரிய கம்பெனிகளைப் பற்றி அல்ல. கோவையிலும் அம்பத்தூரிலும் ஓசூரிலும் பத்துப் பேர், இருபது பேர் வைத்து நடத்தும் பட்டறைகளைப் பற்றித்தான். கன்சல்டன்டை அழைக்க அவர்களிடம் பணம் இல்லை. தேதிக்குக் கொடுக்காததால் ஆர்டர் கைவிட்டுப் போகிறது. கடைசியில் பட்டறையோடு சேர்ந்து அந்த லேத் ஆபரேட்டரின் வேலையும் போகிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். கடைசி வருட மாணவர்களே, ப்ராஜெக்டுக்குப் பெரிய சாஃப்ட்வேர் தேடாதீர்கள். ஒரு கடிகாரமும் ஒரு நோட்டும் போதும். அருகிலுள்ள பட்டறையில் ஒரே ஒரு ஜாப்பைப் பிடியுங்கள். வார்ப்பாக உள்ளே வந்ததிலிருந்து டிஸ்பேட்ச் ஆகும்வரை கூடவே போங்கள். கை பட்ட நேரம் ஒரு பத்தி, காத்திருந்த நேரம் ஒரு பத்தி. எதற்காகக் காத்திருந்தது என்று அங்கே நிற்கும் அண்ணனையே கேளுங்கள். அவருக்குத் தெரிந்தது எந்தப் புத்தகத்திலும் இல்லை. பத்து ஜாப் பார்த்தால் போதும், முதலாளியிடம் காட்ட ஒரு தாள் உங்கள் கையில் இருக்கும்.

பழைய மாணவ நண்பர்களே, உங்களில் பட்டறை நடத்துபவர்கள் பலர். ஆண்டுக்கு இரண்டு மாணவர்களுக்கு உங்கள் கேட்டைத் திறந்துவிடுங்கள். அவர்கள் தரும் தாளைப் படித்துவிட்டு, அடுத்த தடவை ஆர்டர் தாமதமாகும்போது "யார் தாமதம் பண்ணினது?" என்று கேட்காமல், "சரக்கு எங்கே நின்னுச்சு?" என்று கேளுங்கள். கேள்வியை மாற்றுவதற்குக் காசு ஒன்றும் ஆகாது.